தாவூது பாயின் கப்பல்

படம் போடுகிறவர்களுக்குப் பசி அதிகம், பிழைப்பு குறைச்சல் என்று சொல்வார்கள். தேக்காச் சந்தைக்குப் பக்கத்தில், பஃபலோ ரோட்டில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் கூடியிருந்த பிள்ளைகளுக்கு இரண்டுமே பொருந்தியது. ஆனால் சிரிப்புக்கு மட்டும் அங்கே பஞ்சமே கிடையாது.

அறுபத்திரண்டாம் வருஷம் அது. எல்லாரும் மாலைநேர விளம்பர ஓவிய வகுப்பில் படிக்கிறவர்கள். வகுப்பில் வாத்தியார் இல்லாத சோப்புக்கு விளம்பரம் போடச் சொல்வார், இல்லாத தைலத்துக்கு லேபிள் எழுதச் சொல்வார். இல்லாத சோப்பை யார் வாங்குவது, போட்ட படம் விற்குமா விற்காதா என்று யார் சொல்வது என்று பிள்ளைகளுக்கு ஒருநாள் தோன்றிவிட்டது. அவ்வளவுதான். பாத்திரக் கடைக்குப் பெயர்ப்பலகை எழுதிக் கொடுத்து, அதற்கு ஈடாக மாடி அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நிஜமான வேலை, நிஜமான வாடிக்கையாளர், நிஜமான திட்டு. வாத்தியார் வந்தால் தேத்தண்ணி உண்டு, தூரிகையைத் தொடக் கூடாது என்று அவரிடமே சொல்லிவிட்டார்கள். அவரும் நல்ல மனுஷர், தேத்தண்ணியோடு நிறுத்திக்கொண்டார்.

சட்டதிட்டமெல்லாம் அவர்களே வைத்ததுதான். மாதம் ஒருவர் முதலாளி. யார் வரைந்தாரோ அவரே அதை வாடிக்கையாளரிடம் எடுத்துப் போக வேண்டும். வரைவது ஒருவர், வசவு வாங்குவது இன்னொருவர் என்ற பேச்சே இல்லை. அப்புறம் தெருத்தாண்டல். அச்சுக்குப் போகிற லேபிளை முதலில் ஒரு டின்னில் சுற்றி ஒட்டி, நிஜக் கடையில் மற்ற டின்களுக்கு நடுவே வைத்துவிட்டு, தெருவைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்று பார்க்க வேண்டும். மேசைமேல் ராணி மாதிரி இருந்தது, அங்கிருந்து பார்த்தால் காணாமலே போய்விடும்.

வேலை அச்சாகி வந்தவர்களின் பெயர் மட்டும் சுவரில் ஏறும். ஏறாதவர்களுக்குத் தண்ணீர்ப் படை என்று பெயர். தூரிகை கழுவுகிற தண்ணீரை மாற்றுவது, கோடு போட்டுக் கொடுப்பது, பசை காய்ச்சுவது எல்லாம் அவர்கள் தலையில்.

பிரிஜட் தண்ணீர்ப் படையில் இருந்தாள். பகலில் ஒரு பெரிய துணிக்கடையில் விலை அட்டை எழுதுவாள். சாயங்காலம் இங்கே வந்துவிடுவாள். எதைப் பார்த்தாலும் அச்சு அசலாக வரைகிற கை அவளுக்கு. லூர்து மாதா கோயிலில் பூசை நடக்கும்போதுகூட முன்வரிசைப் பெண்ணின் கொண்டையை விரலால் மடியில் வரைந்துகொண்டிருப்பாள். அந்தச் சுவரில் தன் பெயர் ஏறுவதைத் தவிர அவளுக்கு அந்த வருஷம் வேறு ஆசையே இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் சேக் தாவூது மூச்சிரைக்கப் படியேறி வந்தார். டன்லப் ஸ்திரீட்டில் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்து டின்னில் அடைத்து விற்கிறவர். அவர் வருவதற்கு முன்னால் அவர் சட்டையிலிருந்த காப்பி வாசம் வந்துவிட்டது. கையிலிருந்த டின்னை மேசைமேல் வைத்தார்.

"இதுல என்ன தெரியுது, தங்கச்சி?"

படத்துக்குக் கீழே காப்பியின் மார்க், 'கப்பல் சாப்பு' என்று தமிழில் எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டு, "கப்பல், பாய்" என்றாள் பிரிஜட்.

"நானே போட்டது. நாகப்பட்டினத்துல நான் ஏறி வந்த கப்பல்." அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. "இப்ப காலம் மாறிப்போச்சு. நாலு பாஷையிலயும் பேரு வேணும். படமும் நல்லா எடுப்பா இருக்கணும். அச்சடிக்கிற பழைய பிளாக்கும் தேஞ்சுபோச்சு."

அந்த மாத முதலாளி மருதப்பன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "பிரிஜட், நீயே செய்" என்றான்.

சீன எழுத்தும் மலாய் எழுத்தும் சியூ லான் பொறுப்பு. சியூ லான் தேக்காவிலேயே பிறந்து வளர்ந்த சீனப் பெண். தமிழைத் தன் இஷ்டத்துக்குப் பேசுவாள், யார் திருத்தினாலும் கேட்க மாட்டாள். கப்பல் பிரிஜட் பொறுப்பு. துறைமுகத்துக்குப் போய்த் தடுப்புச் சுவரில் உட்கார்ந்து கப்பல் கப்பலாகப் பார்த்தாள். புகைபோக்கி எத்தனை சாய்வு, நங்கூரம் எங்கே தொங்குகிறது, அலை எங்கே வெள்ளையாக உடைகிறது என்று பார்த்துப் பார்த்து வரைந்தாள். வரைந்து முடித்த கப்பலைப் பார்த்தால் ஏறி உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

தாவூது பாய் அதைக் கையில் வாங்கினார். "இதேதான்" என்றார். "இந்தக் கம்பியத்தான் பிடிச்சுக்கிட்டு நின்னேன்." பேனாவைக் கேட்டு வாங்கி, ஓரத்தில் சம்மதம் என்று கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனார்.

"அவரு கையெழுத்து போட்டான். முடிஞ்சி லா" என்றாள் சியூ லான். "நாளைக்கு பிளாக்குக்கு அனுப்பு."

"தெருத்தாண்டல் பாக்கி இருக்கே" என்றான் மருதப்பன்.

"சட்டம் பேசாதே. முதலாளி ஆனதும் ஒனக்கு மூக்கு நீளமாப் போச்சி."

பிரிஜட்டுக்கு எப்படியும் அந்த டின்னைக் கடையில் பார்க்க ஆசை. சிராங்கூன் ரோட்டில் முதலில் பார்த்தார்கள். டின் பளிச்சென்று தெரிந்தது. வந்தவர்கள் எல்லாரும் "தாவூது பாய் காப்பி ஒண்ணு" என்று கேட்டு வாங்கிப் போனார்கள். கப்பலைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆளைத் தெரிந்தவர்களுக்குப் படம் எதற்கு? அப்புறம் இரண்டு பெண்களும் பஸ் ஏறிச் சைனாடவுனுக்குப் போனார்கள்.

சவுத் பிரிட்ஜ் ரோட்டில், மாரியம்மன் கோயிலுக்கு எதிர் வரிசையில் ஒரு சீனர் மளிகைக் கடை. கடை முதலாளியான தௌக்கேயிடம் சொல்லிவிட்டு, கடைவாசல் நடைபாதையான அஞ்சடியை ஒட்டியிருந்த அலமாரியில் பழைய டின்களுக்கு நடுவே புதியதை வைத்தாள் பிரிஜட். தெருவைத் தாண்டிக் கோபுர நிழலில் வந்து நின்றார்கள். அங்கிருந்தும் அவள் கப்பல் ஜொலித்தது. பிரிஜட் தன்னையறியாமல் சியூ லான் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெள்ளைச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையும் போட்ட சீன ஆயா ஒருத்தி வந்தாள். தௌக்கேயின் கை பழைய டின்னுக்குப் போயிற்று. அடுத்து ஒரு மலாய்க்கார லாரி டிரைவர். தௌக்கே இந்தத் தடவை புதிய டின்னை எடுத்து நீட்டினார். டிரைவர் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், தலையை ஆட்டினார், திருப்பி வைத்துவிட்டார். பழையதை அவரே எடுத்துக்கொண்டார்.

பிரிஜட் கார் வருகிறதா என்றுகூடப் பார்க்காமல் தெருவைத் தாண்டினாள். ஏன் வேண்டாமென்கிறீர்கள் என்று மலாயில் கேட்டாள்.

"எனக்கு வேண்டியது சாப் காசுத். இது வேற சாப்பு" என்றார் அவர்.

காசுத் என்றால் மலாயில் சப்பாத்து, காலில் போடுகிற பூட்ஸ். பிரிஜட் பழைய டின்னை எடுத்துக் கண்முன்னால் பிடித்தாள். மாதாவே, எப்படி இத்தனை நாள் தெரியாமல் போயிற்று? முன்னால் தூக்கிக்கொண்டு நிற்பது சப்பாத்தின் மூக்கு. பின்னால் குதிகால். புகைபோக்கி, கால் நுழைக்கிற இடம். வரிசையாக இருந்த வட்ட ஜன்னல்கள், கயிறு கோக்கிற ஓட்டைகள். கீழே இருக்கிற தமிழைப் படிக்கத் தெரியாத யாருக்கும் அது கப்பலே இல்லை.

சியூ லான் சிரித்துச் சிரித்து அஞ்சடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எங்க வீட்டுல டீ தான் குடிக்குது. இல்லாட்டி நான் அப்பவே சொல்லியிருப்பேன் லா."

"சிரிக்காதே சியூ லான்."

"இது சிரிக்காம என்ன செய்யுது?"

திரும்பி வருகிற பஸ்ஸில் பிரிஜட் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். நீங்களே யோசித்துப் பாருங்கள். கையெழுத்துப் போட்டாயிற்று. வாயை மூடிக்கொண்டு பிளாக்குக்கு அனுப்பினால் கப்பல் அச்சாகிவிடும், சுவரில் பெயரும் ஏறிவிடும். விஷயத்தைச் சொன்னால் வேலை போய்விடும். அதைவிட, ஒரு மனுஷர் ஆசையாக வரைந்த கப்பலைச் சப்பாத்து என்று அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது?

"சொல்லாம விட்டா அவரு காப்பி விக்காதே" என்றாள் சியூ லான், சிரிப்பு அடங்கின பிறகு. "தெரு தாண்டினது நாமதானே. பாத்தாச்சி. பாக்காத மாதிரி எப்படி?"

டன்லப் ஸ்திரீட் கடையில் தாவூது பாய் கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"பாய், கோபப்படாம கேக்கணும்."

"சொல்லு தங்கச்சி."

அவள் சொன்னாள். கிளறுகிற கரண்டி நின்றுவிட்டது. கொட்டை கொஞ்சம் கருகவும் செய்தது.

"சப்பாத்தா? என் கப்பலையா?"

"எல்லாரும் இல்ல பாய். தமிழ் படிக்கத் தெரியாதவங்க."

"இந்த ஊருல அவங்கதானே முக்காவாசிப் பேரு." சட்டையை மாட்டிக்கொண்டார். "வா, போவோம். நானே பாக்குறேன்."

அவர் அந்தக் கடைக்கு அதுவரை போனதே இல்லை. டின் கொண்டுபோய்ப் போடுவதெல்லாம் அவருடைய வேன் டிரைவர்தான். பிரிஜட் தௌக்கேயிடம், இவர்தான் காப்பிக்காரர் என்று அறிமுகம் செய்துவைத்தாள். தௌக்கே ஓடிவந்து இரண்டு கையாலும் தாவூது பாயின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஓ, தௌக்கே காசுத்" என்றார், மிகுந்த மரியாதையோடு.

பிரிஜட் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து முன்பு வந்த ஆயா மறுபடியும் வந்தாள், சீனி வாங்க. தாவூது பாய் அவளிடம் பழைய டின்னைக் காட்டி, இந்தக் காப்பி எப்படி என்று கேட்டார். வேலை செய்கிற வீட்டில் வேறு காப்பி போட்டால் துரைக்குப் பிடிக்காது, காசுத் தான் வேண்டும் என்றாள் அவள். அவள் தங்கை வேலை செய்கிற வீட்டிலும் காசுத் தான்.

தாவூது பாயின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பிரிஜட் பயந்துபோனாள். பார்த்தால் சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அலமாரியில் சாய்ந்துகொண்டு, தொப்பி நழுவ நழுவச் சிரித்தார்.

"அந்த வேன்காரப் பய எப்பவும் என்னப் பாத்து இளிப்பான். ஏன்டா இளிக்கிறேன்னா, ஒண்ணுமில்ல முதலாளிம்பான். இத்தன வருஷமா சப்பாத்து வித்திருக்கேன், எனக்கே தெரியாம."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரிஜட்டின் டின்னை எடுத்துப் பார்த்தார். "இது அழகு தங்கச்சி. ஆனா இத யாரும் கேக்க மாட்டாங்க. பழசே இருக்கட்டும்."

தெரிந்துதான் சொல்ல வந்தாள். ஆனாலும் வலிக்காமல் இருக்குமா? டின்னை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சொன்னாள்: "பழைய பிளாக் தேஞ்சுபோச்சுன்னீங்களே பாய். உங்க கப்பலையே நான் மறுபடி போட்டுத் தரேன். நாலு பாஷை எழுத்து, புதுக் கலரு எல்லாம் இருக்கும். படம் மட்டும் உங்க கை போட்ட மாதிரியே."

தாவூது பாய் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார். "உன்னால முடியுமா? நீ நல்லா படம் போடுற புள்ளையாச்சே."

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. தேய்ந்துபோன அச்சில் பாதிக் கோடு காணோம். பிரதி எடுத்தால் பழைய டின்னின் கறையும் சேர்ந்து வருகிறது. கண்ணால் பார்த்து வரையலாம் என்றால் அவள் கை கேட்க மாட்டேனென்கிறது. கோணல் வர வேண்டிய இடத்தில் நேராக்கிவிடுகிறது. வரைந்ததை எடுத்துக்கொண்டு சியூ லானைத் தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்கவைத்து, மருதப்பன் மாடி ஜன்னலில் தூக்கிப் பிடிப்பான்.

"என்ன தெரியுது?"

"கப்பல்" என்று கீழேயிருந்து வரும். தோல்வி.

மறுபடியும். "படகு." அதுவும் தோல்வி.

இன்னொரு தடவை, "வாத்து" என்றாள். சந்தைக்கு வந்தவர்கள் எல்லாரும் நின்று அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார்கள். வாழைப்பழம் விற்கிறவர், தனக்கு மூக்குள்ள கத்திரிக்காய் மாதிரி தெரிகிறது என்று தானாகவே அபிப்பிராயம் சொன்னார்.

கடைசியில் பிரிஜட் தாவூது பாயையே மாடிக்கு அழைத்து, கையில் பென்சிலைக் கொடுத்துவிட்டாள். "நீங்க போடுங்க பாய். நான் பாக்குறேன்."

அவர் வெட்கப்பட்டார். அப்புறம் போட்டார். எல்லாரும் கப்பலை முன்பக்கம் ஆரம்பித்தால், அவர் பின்பக்கத்தில் ஆரம்பித்தார். தாராளமாக இழுத்துக்கொண்டே வந்தார். பாதிக்கு மேல் வந்ததும் தாள் முடியப்போவது தெரிந்து, மீதிக் கப்பலை மேலே தூக்கிவிட்டார்.

"அதான் மூக்கு" என்றாள் பிரிஜட். "இடம் பத்தல."

அவளும் குதிகாலில் ஆரம்பித்தாள். அவரைப் போலவே இடத்தைப் பற்றிக் கவலைப்படாமல் இழுத்தாள். முனை வந்ததும், வேறு வழியில்லாமல், கை தானாக மேலே போயிற்று. மருதப்பன் அதை ஜன்னலில் பிடித்தான்.

"சப்பாத்து" என்றாள் சியூ லான்.

வாழைப்பழக்காரர் உள்படச் சந்தையே கை தட்டியது.

லேபிள் அச்சாகி வந்த அன்று ஒரு சண்டையும் வந்தது. சுவரில் யார் பெயரை எழுதுவது? "பிரிஜட் பேருதான், வேலை அவளோடது" என்றான் மருதப்பன். பிரிஜட் ஒத்துக்கொள்ளவில்லை. எழுத்து அமைப்பும் வண்ணமும் தன்னுடையது, அதற்குத் தன் பெயர் ஏறலாம்; கப்பல் வேறொருவர் போட்டது, அந்தப் பெயரை மறைத்துவிட்டுத் தன் பெயரை மட்டும் ஏற்றினால் அது திருட்டு என்றாள். சட்டத்தில் இதற்கு வழி இல்லை என்றான் முதலாளி. சட்டத்தை நாம்தானே வைத்தோம் என்றாள் சியூ லான். சொல்லிக்கொண்டே தூரிகையை எடுத்து எழுதியும் விட்டாள்: பிரிஜட், அதற்குக் கீழே சேக் தாவூது. இரண்டும் அழகான தமிழ் எழுத்து.

புது டின்களோடு படியேறி வந்த தாவூது பாய் சுவரைப் பார்த்து நின்றுவிட்டார். தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அப்ப நானும் இங்க வந்து வேல செய்யணுமா?"

"ஆமா பாய்" என்றாள் பிரிஜட். "பேரு ஏறினவங்க மாசத்துக்கு ஒருத்தர் முதலாளி. அடுத்த மாசம் நான். அதுக்கப்புறம் நீங்க."

"எனக்குப் படத்தப் பத்தி என்ன தெரியும்?"

"மருதப்பனுக்கு மட்டும் தெரியுதா" என்றாள் சியூ லான்.

சொன்னபடியே அவர் முறை வந்தபோது வந்தார், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு. அந்த மாதம் பிள்ளைகள் வரைந்த எல்லாவற்றையும் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்து, என்ன தெரிகிறதோ அதைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் சொன்னார்.