எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீர்

வீடியோ எடுத்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் மறைத்துவிட்டாள் என்று பேச வேண்டாம்.

எங்கள் வீட்டு மாடியில் ஏழு வருஷமாகக் குடியிருக்கிறாள் நவோமி. அர்ஜென்டினாக்காரி, யூதப் பெண், என் வயதுதான் இருக்கும். ரமணாசிரமத்தைப் பார்க்க வந்தவள், செங்கம் ரோட்டை விட்டுப் போகவே இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை புது எவர்சில்வர் குடம் வாங்கி வந்து, கயிறு கட்டித் தெருமுனைப் பொதுக்கிணற்றில் இறக்கி, முழுசாக முக்கி எடுத்து, ஏதோ முணுமுணுத்தாள். என்னவென்று கேட்டேன்.

"புது பாத்திரம், சரோ. முதல்ல தண்ணில முக்கணும். சாமிக்கு ஒரு வார்த்தை. அப்புறம் சமையல்."

அட, புதுப் பானைக்கு நாம் மஞ்சள் குங்குமம் வைப்பது போலத்தான்! எனக்கு ஒரே குஷி. "எங்க வெள்ளக்காரம்மா கிணத்துக்கு பூஜ பண்றத பாருங்க"னு எழுதி, எடுத்த வீடியோவைத் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிட்டேன். இந்தக் கை சும்மா இருந்தால்தானே!

வெள்ளிக்கிழமை தெருவில் மூன்று பிள்ளைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. சனிக்கிழமை அதே வீடியோ குரூப்பில் திரும்பி வந்தது, தெருச் சங்கத் தலைவர் வல்லரசுவின் குரலோடு. "யூதங்க எல்லா ஊர்லயும் கிணத்துல விஷம் வெச்சவங்க. நெட்லயே போட்டிருக்கான். மந்திரம் சொல்லி எத்தையோ கரைக்கிறா பாருங்க." ஞாயிறு காலை என் வாசலுக்கே வந்துவிட்டான்.

"பௌர்ணமிக்குள்ள அந்தம்மாவ காலி பண்ண சொல்லுங்கக்கா. இல்லேன்னா தெருவே உங்க கூட பேசாது."

"பேசாட்டி போ. காதுக்கு நிம்மதி" என்று கதவைச் சாத்தினேன்.

மாடிக்கு ஓடினால், நவோமி பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க தாத்தா ஊர்லயும் இதே பொய்தான், சரோ. அங்கயும் ஒரு கிணறு. அவர் பெட்டி கட்டினார். இப்ப நான்."

அவள் அழவில்லை. அழுதது நான். "தப்பு என்னுது. பௌர்ணமி வரைக்கும் பெட்டிய தொடாத, என் மேல சத்தியம்" என்றேன். பத்து நாள் இருந்தது. அதற்குள் இதைச் சரிசெய்யாவிட்டால் அந்தக் கிணற்றடியில் நான் எந்த முகத்தோடு நிற்பேன்?

நேரே ஷபியுல்லா பாயின் டீக்கடைக்குப் போனேன். பக்கத்து வீட்டு எஸ்தர் டீச்சரையும் இழுத்துக்கொண்டு போனேன். தண்ணீரைப் பரிசோதிக்கத் துணைக்கு வாங்க என்றேன். பாய் முதலில் பிடிகொடுக்கவில்லை.

"காசாவுல புள்ளைங்க சாவறத பாத்து எனக்கு வயிறு எரியுதும்மா. அத நான் எங்க வேணா சொல்லுவேன்." பாய்லரை அணைத்தார். "ஆனா அதுக்கும் இந்தம்மாவுக்கும் இன்னா சம்பந்தம்? இன்னிக்கு கிணத்துல விஷம்னுவான். நாளைக்கு என் டீயில விஷம்னுவான். நான் வரேன், வா."

"என் பேரே யூதங்க குடுத்த பேரு. தெனமும் பைபிள்ல நான் படிக்கிற சங்கீதமும் அவங்க பாடினது. நான் எப்படிங்க சும்மா இருப்பேன்?" என்றார் டீச்சர்.

மறுநாளே இருவரும் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, வேங்கிக்கால் போய் அரசாங்க லேப்பில் பரிசோதனைக்குக் கொடுத்தார்கள். நல்ல தண்ணீர் என்று தாள் வந்தது. பள்ளிவாசலில் தொழுகை முடிந்ததும் பாய் அதை வாசித்தார், சர்ச்சில் டீச்சர் வாசித்தார், பிள்ளையார் கோயில் வாசலில் நான் தொண்டை கிழியக் கத்தினேன். வல்லரசு என்ன சொன்னான் தெரியுமா? "பேப்பர யாரு வேணா வாங்கலாம்." தெருவில் பாதிப் பேர் கேன் தண்ணீருக்கு மாறினார்கள்.

பௌர்ணமி வந்தது. சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. வருஷாவருஷம் கிரிவலப் பாதையில் எங்கள் தெரு ஒரு தண்ணீர்ப் பந்தல் போடும். இந்த முறை இரண்டு. எதிர்ப்பக்கம் வல்லரசுவின் கேன் தண்ணீர், இந்தப் பக்கம் எங்கள் கிணற்றுத் தண்ணீர். பள்ளிவாசல் ஆட்கள் தண்ணீர் சுமந்தார்கள், சர்ச் பெண்கள் டம்ளர் கழுவினார்கள். நடுவில் நவோமி, அதே குடத்தோடு.

"வீடியோ மட்டும் எடுக்காத, சரோ" என்றாள். போனை இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

நடந்து வருகிற சனம் யார் ஊற்றுகிறார்கள் என்றா பார்க்கும்? வாங்கிக் குடித்தார்கள், அரோகரா என்று போனார்கள். எங்கள் தெருக்காரர்கள் மட்டும் எதிர்ப்பக்கமே நின்றார்கள். ஐந்து மணிக்கு அங்கே கேன் தீர்ந்தது. பௌர்ணமியன்று இந்த ரோட்டில் வண்டி விடமாட்டார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த மனுஷன், அதை மறந்து ஐந்து மணிக்குக் கேன் வண்டியை வரச் சொல்லியிருக்கிறான்! வண்டி போலீஸ் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அப்போதுதான் அவன் மனைவி தேவிப்ரியா மலையைச் சுற்றி முடித்து, மகளோடு வந்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. புருஷனின் பந்தலைப் பார்த்தாள். நேரே நவோமியிடம் வந்து கை நீட்டினாள்.

"ஏய், அத குடிக்காத!" என்று வல்லரசு கத்தினான்.

அவள் முதலில் மகளுக்குக் கொடுத்தாள். பிறகு தானும் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"எத்தினி நாளைக்குய்யா மறைப்ப? வாந்தி எடுத்த மூணு பசங்களும் நம்ம பாப்பா பொறந்தநாளுக்கு வந்து கேக் தின்னதுங்க. கேக் கெட்டுப்போச்சுனு அன்னிக்கே சொன்னேன். மானம் போயிடும், வாய மூடுன்ன. உன் மானத்துக்காவ இந்தம்மா ஊர விட்டு போவணுமா?"

தெருவே கேட்டது. நான் விடுவேனா? "இன்னா தலைவரே, நாக்கு ஒட்டிக்கிச்சா? தண்ணி வேணுமா?" என்றேன். பாய் ஒரு டம்ளரைக் கழுவி அவனிடம் கொடுத்தார். நவோமி ஊற்றினாள். அவன் குடித்தான்.

"தப்பு பண்ணிட்டேங்கம்மா. போவாதீங்க" என்றான், எல்லோர் காதிலும் விழும்படி.

எதிர்ப்பக்கம் நின்றவர்கள் ஒவ்வொருவராக ரோட்டைத் தாண்டி வந்தார்கள். எஸ்தர் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டே டம்ளர் எடுத்துக் கொடுத்தார். ஐயோ, என் நெஞ்சு நிறைந்துபோனது! அரை மணி நேரத்தில் எங்கள் தண்ணீரும் காலி.

"எடு குடத்த" என்றேன் வல்லரசுவிடம். எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனான். தெருவே பின்னால் போயிற்று. நவோமியின் குடத்தில் கயிறு கட்டி, உள்ளே இறக்கினான்.

நவோமி என் தோளைத் தட்டினாள்.

"சரோ, இப்ப வீடியோ எடு."

எடுத்தேன்.