ஏழாவது சிவப்பு

1

"நாப்பது பேரு பாத்தாங்க அண்ணி. காது மடல் வரைக்கும் செவந்துச்சு."

"நாப்பது பேரும் டீ குடிச்சாங்க. அதை யாராவது..."

"டீ எல்லாருக்கும்தான் ஊத்துனாங்க. செவந்தது நீங்க ஒருத்திதான்."

"டீ கொதிக்கிற சமோவாருக்குப் பக்கத்துல என்னைத்தானே உக்கார வச்சே? நீ உக்காந்து பாரு, நீயும் செவப்பே."

"அவரு இறைச்சித் தட்டை நீட்டினதும் செவந்தீங்க. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் வார்த்தை குடுத்தேன்."

"யாரோட வார்த்தையைக் குடுத்தே புருல்?"

இந்தக் கதை எனக்கு இப்படித்தான் கிடைத்தது, திங்கட்கிழமை, பக்கத்து வீட்டு வேலிக்கு மேலாக. ஊறுகாய்க்கு முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன்; கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டேன். ஒட்டுக்கேட்பது தவறு என்பது தெரியும். தவறு செய்யாமல் நான் ஒரு கதைகூட எழுதியதில்லை.

2

அண்ணி ஜிபார். ஐம்பத்திரண்டு வயது, கணவர் குபாத் போய் ஒன்பது வருடம். பள்ளிக்கூடச் சமையலறையில் ரொட்டி சுடுகிறாள். புருல் அவளுடைய நாத்தனார்; அண்ணன் போன பிறகும் அண்ணியை விடாதவள். இஷென்பாய் குபாத்துக்குப் பெரியப்பா மகன், மனைவியை இழந்தவர், ஏரிக்கு மேலே சரிவில் தேன்பெட்டி வைத்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை விருந்தில் இஷென்பாய் இறைச்சித் தட்டை நீட்டியபோது ஜிபாரின் முகம் சிவந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணிடம் 'உனக்குச் சம்மதமா' என்று நேராகக் கேட்பது அவளுக்கும் அவமானம், கேட்டவருக்கும் அவமானம். ஆகவே கன்னத்தைப் பார்ப்போம். கன்னம் சிவந்தால் சம்மதம். அந்தச் சம்மதத்தைத்தான் புருல் இஷென்பாய் வீட்டுக்குச் சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை நண்பகலில் இஷென்பாய் வீட்டுப் பெண்கள் வெள்ளைத் துணியோடு வருவார்கள். அதை ஜிபாரின் தலையில் கட்டிவிட்டால் கல்யாணம் முடிந்தது.

3

தொடக்கங்கள், எழுதிக் கைவிட்டவை:

'ஆப்பிள் போலச் சிவந்த கன்னங்களையுடைய ஜிபார்...' (வேண்டாம். இந்த ஊர்க் காற்றுக்கு எல்லோர் கன்னமும் ஆப்பிள்தான், என்னுடையது உட்பட. அது வந்து தங்கிவிட்ட சிவப்பு. நான் சொல்ல வருவது வந்து போகிற சிவப்பை.)

'அந்திவானத்தைப் போல...' (எழுபத்துமூன்று வயதில் இப்படி எழுத வெட்கமாயிருக்கிறது.)

'கழுத்தில் தொடங்கி...'

என் கஷ்டம் இதுதான். எனக்குக் கதைகள் பேச்சாகத்தான் வரும். யார் என்ன உடுத்தியிருந்தார்கள் என்று கேட்டால் விழிப்பேன்; யார் யாரை என்ன சொல்லிக் குத்தினார்கள் என்றால் ஒரு சொல் பிசகாமல் சொல்வேன். அப்படிப்பட்டவளிடம் வந்து சேர்ந்திருப்பது ஒரு நிறத்தைப் பற்றிய கதை. நிறம் வாய் திறந்து பேசுமா?

4

பேசும் என்றாள் மருந்தகத்து நர்ஸ் மெய்ரிம். ஒரு மாதத்துக்கு முன்பு ஜிபார் அவளிடம் போயிருந்தாள். தோலுக்கு அடியில் நூல் மாதிரி ரத்தக்குழாய்கள் இருக்கின்றனவாம். சூடு, காரம், மது, கோபம், கூச்சம், இந்த வயதுக்கே உரிய உடம்பு மாற்றம் எதுவானாலும் அவை விரியும், ரத்தம் பாயும், முகம் சிவக்கும். பிறகு சுருங்கும், சிவப்பு போய்விடும். பெரும்பாலும் பயமில்லை. தடிப்போ மூச்சுத்திணறலோ சேர்ந்து வந்தால் மட்டும் அந்த நிமிடமே ஓடிவர வேண்டும்.

மெய்ரிம் ஒரு நோட்டு கொடுத்து, ஒவ்வொரு தடவையும் எப்போது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, காரணம் என்ன என்று எழுதிவரச் சொன்னாள். "செவப்பு பொய் சொல்லாது அக்கா. ஆனா எதைப் பத்திப் பேசுதுன்னு நாமதான் கண்டுபிடிக்கணும்."

(இந்த வாக்கியத்தை நான் அழகுபடுத்தவில்லை. அந்தப் பெண் அப்படித்தான் பேசுவாள்.)

5

நோட்டிலிருந்து, அவள் எழுதியபடியே:

ஒன்று. நீராவிக் குளியல். அரை மணி நேரம். காரணம்: நீராவி.

இரண்டு. சந்தையில் அஷ்லியான்ஃபூ நூடுல்ஸ். சில்லென்று இருந்தாலும் மிளகாய். கால் மணி.

மூன்று. மாடு கறக்கும்போது. குளிர். எதுவும் தின்னவில்லை. வேர்த்துக் கொட்டியது. காரணம்: வயசு (மெய்ரிம் சொன்னது).

நான்கு. ரொட்டி அடுப்பு.

ஐந்து. விருந்து. சமோவார், ஆட்டுக்கறி, நாற்பது ஜோடிக் கண்.

ஆறு. புருல்.

6

இஷென்பாய் என்ற பாத்திரத்தில் எனக்கு நம்பிக்கையே இல்லாமலிருந்தது. அவர் பேசமாட்டார். நாளெல்லாம் தேனீயோடு இருக்கிற மனிதர், வாயைத் திறந்தால் உள்ளே போய்விடும் என்று பயமோ என்னவோ. பேசாத ஆளைக் காதால் எழுதுகிற நான் என்ன செய்வேன்? கதையைவிட்டு அனுப்பிவிடலாம் என்று பார்த்தேன்.

வியாழக்கிழமை மாலை, ஜிபாரிடம் இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்க அவரே வந்தார். ஏணியைச் சுவரில் சாய்த்தார். முட்டைக்கோஸ் முடிந்துவிட்டது, வேலிக்கு இந்தப் பக்கம் நான் வெறும் பலகையை நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு வர்றாங்களாமே."

"சொன்னாங்க," என்றாள் ஜிபார்.

"எனக்குத் தேனீ கொட்டினாலும் செவக்கும், வெயில் அடிச்சாலும் செவக்கும். செவப்பைப் பாத்தெல்லாம் நான் வரமாட்டேன். உனக்கு வேணாம்னா என் வீட்டுப் பொம்பளைங்களை நானே நிறுத்திடறேன். வேணும்னா நீ வாயால சொல்லணும்."

அடுத்து, அவர் வெளியே போய்ப் படலைச் சாத்துகிற சத்தம்தான் கேட்டது.

கதைக்குள் இருக்கட்டும் அந்த மனிதர்.

7

அவர் போன கொஞ்ச நேரத்தில் ஜிபார் நோட்டை வேலி வழியாக நீட்டினாள். சனிக்கிழமை மெய்ரிமிடம் கொடுக்க வேண்டும், என் கையெழுத்து அழகு, பிரதி எடுத்துத் தர வேண்டும் என்றாள்.

பிரதி எடுத்துக்கொண்டே வந்தேன். ஆறுக்குக் கீழே ஏழு இருந்தது, மை இன்னும் புதிது.

ஏழு. முற்றம். குளிர்காற்று. டீ இல்லை, அடுப்பு இல்லை, காரம் இல்லை. வேர்க்கவும் இல்லை. காரணம்: இஷென்பாய்.

வாசகரே, உங்களுக்கு இது வெறும் பெயர். எங்கள் மருமகள்கள் கணவன் வழி மூத்த ஆண்களின் பெயரைச் சொல்லமாட்டார்கள், எழுதமாட்டார்கள். முப்பது வருடமாக அவர் அவளுக்குத் 'தேன்வீட்டுக்காரர்'. அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. காதை மட்டும் நம்பி எழுதுகிற கிழவிக்கு, கதையின் முக்கியமான சொல் சத்தமே இல்லாமல் தாளில் கிடக்கிறது.

8

முடிவுகள்:

அ) துணியைக் கட்டிக்கொள்கிறாள். புருல் 'நான் அப்பவே சொன்னேன்ல' என்கிறாள், சாகும்வரை.

ஆ) திருப்பி அனுப்புகிறாள். ஏணி மறுபடி இரவல் போகிறது, மறுபடி வருகிறது. (எனக்கு இதிலும் குறையில்லை.)

இ) வந்த பெண்களிடம்...

எதையும் முடிக்கப் போவதில்லை. அவளுடைய வார்த்தையைப் புருல் எடுத்துக் கொடுத்ததுதான் முதல் சண்டை. நான் இரண்டாவது புருல் ஆகமாட்டேன்.

ஆனால் இன்று வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. பிரதியில் ஆறு வரை எழுதிவிட்டேன். வேலியோரம் போய்க் கூப்பிட்டேன். அவள் வேலை உடுப்பை மாற்றி, எப்போதும் கட்டுகிற தலைத்துணியைக்கூடக் கட்டாமல், முடியை வாரி விட்டிருந்தாள்.

"ஏழாவதையும் எழுதட்டுமா ஜிபார்?"

அவள் வேலிக்கு நெருங்கி வந்து, முகத்தை என் பக்கமாக நிமிர்த்தினாள்.

"இன்னும் டீ குடிக்கல, அடுப்புப் பக்கமே போகல. பாத்துச் சொல்லுங்கக்கா, இப்ப செவந்திருக்கா?"