விசைத்தறித் தெருவுக்கு மேலே நின்ற பலூன்

ஆந்திர எல்லையிலுள்ள நகரியில், விசைத்தறித் தெருவுக்கு மேலே சில வருஷமாக ஒரு பலூன் நிற்கிறது. ஆடிக் காற்றுக்கும் நகராது. திருப்பதியில் இன்ஜினியரிங் படித்த அகிலாவின் கல்லூரி விட்ட பலூன் அது. தெருவுக்கு ஒரு பிள்ளை வெளிநாடு போய்க்கொண்டிருந்த காலம். மாணவர்களின் சோதனைகளை ஒரு பெட்டியில் வைத்து மேகத்துக்கும் மேலே அனுப்பினார்கள். அகிலா வைத்தது கொள்ளு விதை. மேலே போய்வந்த விதை முளைக்கிறதா என்று காட்டினால்தான் ஜெர்மனியில் மேல்படிப்பு. பெட்டி திரும்பாவிட்டால் அதுவும் இல்லை.

பலூன் விடுவதைப் பார்க்க அவள் அப்பா ஜெயச்சந்திரன் தறிக்கு லீவு சொல்லிவிட்டுப் போயிருந்தார். பெண்டாட்டி இறந்த பிறகு அவருக்கு இருந்தது இந்த ஒரு மகள்தான். பலூனையும் பெட்டியையும் சேர்த்த கயிற்றின் நடுவில் ஓரிடத்தில் மட்டும் நூல் மெல்லிசாக இருந்தது. உயரத்தில் அது அறுந்தால்தான் பெட்டி குடை விரித்து இறங்கும். அவருக்கு யார் சொன்னார்கள்? நைந்த இழையைக் கண்டால் தறிக்காரன் கை சும்மா இருக்குமா! எல்லோரும் தேங்காய் உடைக்கிற மும்முரத்தில் இருக்க, நாலு இழை சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார். அவர் பஸ் ஏறி ஊர் திரும்ப, பலூனும் பின்னாலேயே வந்து அவர் வீட்டுக்கு மேலே நின்றுகொண்டது.

மகள் போகக்கூடாதென்று அப்பனே முடிச்சுப் போட்டுவிட்டான் என்றது தெரு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கல்லூரிக்காரர்கள் வந்து துப்பாக்கியால் சுட்டார்கள். குண்டு பாதி தூரம் போய், யோசித்து, திரும்பி வந்தது. ஜெர்மனிக்காரன் கொடுத்த கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. அகிலா கடைசியில் மாடிக்கு வந்து கேட்டாள்.

“நைனா, நெசமா சொல்லு. தெரியாமதான் கட்னியா?”

“அன்னிக்கு கட்டசொல்ல எனக்குத் தெரியாதும்மா. ஆனா வூட்டு மேல வந்து நின்னுக்கினதும் மனசு குளுந்துபோச்சு. பக்கத்துல ஸ்ரீ சிட்டி கம்பெனில வேல கெடச்சா சாயங்காலமானா வூட்டுக்கு வந்துடுவியேன்னு… நீ போய்ட்டா எனக்கு யாரும்மா கீறாங்க?”

சொல்லிவிட்டு அழுதார். அகிலாவுக்கும் தாங்கவில்லை. பிறகு அவரே மூக்கைத் துடைத்துக்கொண்டு, “போய்ட்டு வா,” என்றார். அப்போதுதான் நூல் அறுந்தது. பெட்டி துணிக்கொடியில் வந்து சிக்கியது. உள்ளே கொள்ளு முளைத்து இலை விட்டிருந்தது.

அகிலா போய்விட்டாள். பெட்டி இறங்கியும் பலூன் மட்டும் போகவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை போனில், தன் ரூமுக்கு மேலேயும் வெள்ளையாக ஒன்று நிற்கிறது, நம் காலேஜ் பேர்கூட எழுதியிருக்கிறது என்றாள்.

ஜெயச்சந்திரன் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். இங்கேயும் இருந்தது.

“நம்முளுதுதான்,” என்றார். “சரி, நீ துன்னியா?”