முதல் மிடறு

அந்த ஆண்டு முகத்துவாரத்துப் பாடு தருமனுடையது. ஏரி கடலோடு சேரும் இடத்தில் இறால் காலம் முழுவதும் வலை கட்டும் முறையைப் பாடு என்பார்கள். ஒரு குடும்பத்துக்கு அது திரும்பி வரப் பல ஆண்டுகள் ஆகும். தங்கை புருஷன் துளசிங்கம் அதைத் தனக்கு விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டான். ஒல்லாந்தர் கோட்டைச் சமையலுக்கு இறால் கொடுப்பவன் அவன். தருமன் மாட்டேன் என்றான். அதன்பின் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஆகவே ஒரு பிற்பகலில் துளசிங்கம் சீசா ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு படகுக் கொட்டகைக்கு வந்தபோது தருமனுக்கு நெஞ்சு இளகிவிட்டது. கூடவே ஊர்ப் பெரியதனக்காரர் ஆதிநாராயணனும் வந்திருந்தார்.

“இன்னா மச்சான், மொகத்த தூக்கி வச்சினுகீற? பிரான்சு தேசத்துது. கோட்டையில குடுத்தாங்க. உன் வயசுல பாதி இருக்கும் இதுக்கு.”

“பழசுன்னா கெட்டுப்பூடாதா மாப்ள?”

“நீ கெட்டுப்பூட்டியா?”

பெரியதனக்காரர் சிரித்தார்.

அடியில் படிந்த வண்டல் கலங்காதபடி துளசிங்கம் சீசாவை மெல்லச் சாய்த்து ஊற்றினான். ஒரே ஒரு கண்ணாடிக் குவளைதான் கொண்டுவந்திருந்தான். ஒயின் ரத்தச் சிவப்பாக இருக்கும் என்று தருமன் நினைத்திருந்தான். விளிம்பில் அது செங்கல் நிறமாக வெளுத்திருந்தது.

“மொதல்ல நீ. கள்ளு மாதிரி ஊத்திக்காத. நாக்குல வச்சினு கம்முனு இரு. புடிச்சா முழுங்கு, இல்லன்னா துப்பிடு. வெள்ளக்காரன் அப்பிடித்தான்.”

தருமன் வாயில் வைத்துக்கொண்டான். முதலில் துவர்ப்பு. வலைக்குச் சாயமேற்றக் காய்ச்சும் பட்டைச் சாற்றின் அதே துவர்ப்பு, ஆனால் முரட்டுத்தனம் எப்போதோ போய்விட்டிருந்தது. அதற்குப் பின்னால் வெயிலில் சுருங்கிய நாவல்பழம். அதற்கும் பின்னால், மழையில் நனைந்த சருகின் வாசனை. கண்ணை மூடிக்கொண்டான். யாரோ இத்தனை காலம் பொறுத்து வைத்திருந்த ஒன்றைத் தன்னோடு பங்கிட்டுக்கொள்ளத் துளசிங்கம் வந்திருக்கிறானே என்று நினைத்தான். விழுங்கினான். விழுங்கிய பிறகும் அது போகவில்லை. துளசிங்கம் மிச்சத்தைக் குடித்தான். மூவரும் வெகுநேரம் பேசாமல் இருந்தார்கள். அப்படியொரு நல்ல மௌனத்தைத் தருமன் அறிந்ததில்லை.

மறுநாள் காலை கோயில் முன்பு பாடு அறிவித்தார்கள். முகத்துவாரத்துக்குத் துளசிங்கத்தின் பெயரைச் சொன்னார் ஆதிநாராயணன்.

“அது என் பாடு,” என்றான் தருமன்.

“குடுத்துட்டியேப்பா. என் கண்ணெதிர்ல.”

பாட்டை விட்டுக்கொடுப்பவன் பெரியதனக்காரர் முன்னால் ஒரு கொட்டாங்கச்சிக் கள்ளில் முதல் மிடறு குடிப்பான். வாங்குபவன் அதிலேயே மிச்சத்தைக் குடிப்பான். பேச்சு கிடையாது. மனமில்லாதவன் முதல் மிடற்றைத் துப்பிவிடலாம். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். கண்ணாடிக் குவளையைப் பிடித்திருந்தபோது தருமனுக்கு அது தோன்றவே இல்லை.

“அது கள்ளு இல்லியே!”

“கள்ளுக்கு மேல,” என்றான் கூட்டத்தில் ஒருவன். சிரித்தார்கள்.

“துப்பலாம்னு அவன் சொன்னத நானும் கேட்டேன்,” என்றார் ஆதிநாராயணன். அவர் குரலில் சூது இல்லை. “நீ எம்மா நேரம் வாயில வச்சினு ரோசன பண்ண! அப்பாலதான முழுங்கின?”

தருமன் துளசிங்கத்தைப் பார்த்தான். “நீ சொல்லு மாப்ள. ருசி பாக்கத்தான குடுத்த?”

துளசிங்கம் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டான். “புடிச்சுதா இல்லியா மச்சான், அத மட்டும் சொல்லு.”

பிடிக்கவில்லை, தெரியாமல் விழுங்கிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் ஊர் யோசித்திருக்கும். தருமன் வாயைத் திறந்தான். அந்தப் பொய் வரவில்லை.

அன்று பகலில், வலை கட்டத் தான் நட்டிருந்த கம்பங்களைப் பிடுங்க முகத்துவாரத்துக்குப் போனான். பின்னாலேயே துளசிங்கத்தின் படகும் வந்தது.

“கம்பத்த உடு மச்சான். எனக்கு ஒதவும்.”

தருமன் திரும்பவில்லை. அடுத்த கம்பத்தைச் சேற்றிலிருந்து அசைத்து அசைத்துப் பிடுங்கினான்.