சாரி சொல்லப் பழகியவன்

பஞ்சாயத்தார் முன்னால் கைகட்டி நின்றபோது கார்முகிலின் வாயில் முதலில் வந்தது 'சாரி'தான்.

"கஸ்டமர் கேருடா. தமிழுக்கு ஒன்னாம் நம்பர அமுக்கு" என்றான் பின்னாலிருந்து ஒருவன். கோயில் பந்தலில் எழுந்த சிரிப்பு, தலைவர் கண்ணையன் இருமியதும் அடங்கியது.

கிளிஞ்சல்மேட்டில் சாவு விழுந்தால் அடக்கம் முடியும்வரை ஒரு படகும் கடலுக்குப் போகக்கூடாது. நேற்றுக் காலை கருப்பையன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கரையிலேயே விழுந்து செத்தார். கோயில் மைக்கில் சொன்னார்கள். பிணம் வீட்டில் கிடக்கும்போதே கார்முகில் ஆற்றில் கட்டிக்கிடந்த தன் ஃபைபர் படகை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனான். திரும்பி வந்தபோது அடக்கம் முடிந்த கூட்டம் கரையில் நின்றது.

"புள்ளைக்குத் தெரியாதுங்க" என்றாள் அவன் அம்மா கமலாம்பாள். "மெட்ராஸ்ல ராத்திரி வேலை பாத்த ஒடம்பு. பகல்ல படுத்தா இடி விழுந்தாலும் கேக்காது. எந்திரிச்சுப் போனப்ப கரையில சொல்றதுக்கு ஒரு ஆளு இல்ல."

கார்முகிலுக்குக் கேட்டிருந்தது. பாயில் கண்ணைத் திறந்தபடி படுத்து, கருப்பையன் பெயரையும் அடக்கம் எத்தனை மணிக்கு என்பதையும் முழுசாகக் கேட்டான். முந்தின சாயங்காலம் விட்ட வலையில் மீன் அழுகிவிடும் என்று நினைத்தான். ஊரே சாவு வீட்டில் இருக்கும், யார் பார்க்கப்போகிறார்கள் என்றும் நினைத்தான்.

சென்னையில் ஒரு போன் கம்பெனியின் புகார் பிரிவில் இருந்தபோது ஒவ்வொரு கோபத்துக்கும் ஒரு சாரி வைத்திருந்தார்கள். லேசாகக் கத்துகிறவருக்கு 'சாரி'. வக்கீலை இழுக்கிறவருக்கு 'அபாலஜைஸ்'. எதுவும் செய்யமுடியாது என்றால் 'ரிக்ரெட்'. புருஷன் செத்துப்போய் அவர் போன் இணைப்பை நிறுத்தச் சொன்ன பெண்ணுக்கும் ஒரு சாரி இருந்தது. எதைச் சொன்னாலும் தப்பு நம்முடையது என்று மட்டும் ஒத்துக்கொள்ளக்கூடாது. அதுதான் முதல் நாள் பயிற்சி. ஒருநாள் பாதிச் சாரியில் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவன் திரும்பப் போகவில்லை. ஊரிலும் பஸ்ஸில் காலை மிதித்தால் சாரி, கல்யாணத்துக்கு வராவிட்டால் சாரி. சாவுக்கு மட்டும் யாரும் அதைச் சொல்வதில்லை. கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நிற்பார்கள்.

"தெரியாம செஞ்சுட்டேன். மன்னிச்சுடுங்க" என்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். மணல் உதட்டில் ஒட்டியது.

"எந்திரி" என்றார் கண்ணையன். "ஒன் படகைக் கடலுக்கு விடாம கரையில ஏத்தி வச்சுடணும்னுதான் பேசுனோம். கருப்பையன் பொஞ்சாதி சௌந்தரவல்லிதான் வேணாம்னு சொல்லி அனுப்பிருக்கு. தூங்குன புள்ளைய என்னத்துக்கு நிக்க வைக்கிறீங்கன்னு. போ, போயி அத ஒரு எட்டு பாத்துட்டு வா."

கருப்பையன் வீட்டு வாசலில் பந்தலைப் பிரித்திருந்தார்கள். சௌந்தரவல்லி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்து, அடுக்கியிருந்த வாடகை நாற்காலிகளில் ஒன்றை உருவிப் போட்டாள்.

"உக்காருப்பா. ரொம்பத் திட்டுனாங்களா?"

"இல்ல அண்ணி."

"ஒங்கண்ணனும் அப்படித்தான். படுத்தா கட்டைதான். சாப்புட்டியா?"

வாய்க்குள் பழைய சாரி வரிசை ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றது. ஒன்றும் இந்த வாசலுக்கு ஆகாது. அவள் அவனுக்காகப் போட்ட நாற்காலி வெயிலில் கிடந்தது. பேசாமல் உட்கார்ந்துவிட்டால் முடிந்தது. படகு நாளைக்கு ஓடும்.

"மைக்ல சொன்னது கேட்டுச்சு அண்ணி. முழுச்சுதான் இருந்தேன். தெரிஞ்சேதான் போனேன். தப்பு என்னுதுதான்."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். நாற்காலியை நிழலுக்கு இழுத்து, அதில் தான் உட்கார்ந்துகொண்டாள். அவனை இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவன் வெயிலிலேயே நின்றான். ஆற்றுப் பக்கம் ஒவ்வொன்றாக இன்ஜின்களைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள்.