மஹோகனிக் கழுத்து

மின்வாளின் பட்டை ஓடத் தொடங்கியதும் இராக்கம்மா முந்தானையை இழுத்து இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டாள். மஹோகனிப் பலகையைத் தட்டில் வைத்து, பென்சில் கோட்டுக்குச் சற்று வெளியே வாள் ஓடும்படி மெல்லத் தள்ளினாள். வளைவு வந்த இடங்களில் பலகையை இடுப்பால் அணைத்துத் திருப்பினாள். சிவந்த மரத்தூள் அவள் முழங்கை வரை ஒட்டிக்கொண்டது. கடைசியில் கிட்டாரின் கழுத்து, நுனியில் தலையும் மறுமுனையில் பெட்டியோடு பொருந்தும் தடித்த அடியுமாக, ஒரே துண்டாகக் கழன்று வந்தது. சுவிட்சை அணைத்துவிட்டு அதைத் தூக்கி, ஒரு கண்ணை மூடி நீளவாட்டில் பார்த்தாள். நேராக இருந்தது.

"மின்சாரம் கொறயுது. அடுத்தத பொறவு அறுக்கலாம்" என்றாள், தட்டின் அந்தப் பக்கம் பலகையைப் பிடித்திருந்த ஸரூக்கிடம்.

பதுளைக் கடைவீதியிலிருந்து ஆற்றுப் பக்கம் இறங்கும் தெருவில் இருந்தது பலீல் முதலாளியின் பட்டறை. முன்பு அலுமாரியும் கட்டிலும்தான் செய்தார்கள். வெளிநாட்டுச் சாமான்கள் வருவது நின்றுபோனபின், கிட்டார் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தலைமைத் தச்சரை 'பாஸ்' என்பார்கள்; அங்கிருந்த கைகாரரான ஜாபிர் பாஸ் பழைய கிட்டார் ஒன்றைப் பிரித்துப் பார்த்து, அதேபோலச் செய்து கொடுத்தார். அது பண்டாரவளை வரை பேசப்பட்டது. அங்கிருந்த இசைக்குழு ஒன்று தனக்கு வேண்டிய கிட்டார்களையெல்லாம் இங்கேயே செய்யச் சொன்னது. பெட்டிகள் முடிந்து கழுத்து வேலை தொடங்கும் நேரத்தில், கொழும்புப் பட்டறை ஒன்று கூப்பிட, ஜாபிர் பாஸ் போய்விட்டார். கழுத்தில்லாத பெட்டிகள் சுவரோரம் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன.

கழுத்து வேலையை இராக்கம்மாவுக்கு முன்பே முயன்று பார்த்தவன் ஸரூக்தான். முதலாளியின் தங்கை மகன். வெலிமடையிலிருந்து வேலை பழக வந்தவன். மெஷின் என்றால் அவனுக்கு ஆசை.

"கையால இழைச்சிக்கிட்டு இருந்தா இந்த வருஷம் முடியாது மாமா. எல்லாத்தயும் வீல்லயே தேச்சி எடுத்துடலாம்" என்றான்.

மோட்டரில் சுழலும் அரத்தாள் உருளையில் கழுத்தை அழுத்திப் பிடித்தான். வேலை வேகமாகத்தான் நடந்தது. கழுத்து வளையாமல் இருக்க உள்ளே குழி வெட்டி ஓர் இரும்புக் கம்பி வைப்பார்கள். உருளையிலிருந்து எடுத்துத் தூளை ஊதியபோது, மெலிந்த மரத்தின் நடுவே அந்தக் கம்பி பளிச்சென்று தெரிந்தது.

பலீல் முதலாளி கழுத்தை வாங்கிப் பார்த்தார். மருமகனைத் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்தார்.

"இந்த மஹோகனி எங்கேந்து வருதுண்டு தெரியுமா ஒனக்கு? இனி எங்க தேடுற?"

மூலையில் கட்டில் சட்டத்துக்கு அரத்தாள் போட்டுக்கொண்டிருந்த இராக்கம்மா எழுந்து வந்தாள். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்திலிருந்து தினம் காலை பஸ்ஸில் வருபவள். தோட்டத்தில் வேலை நாட்களைக் குறைத்து, லயத்து வரிசை வீடுகளே பட்டினி கிடந்த காலத்தில் டவுனுக்கு வேலை தேடி இறங்கினாள். அன்றிலிருந்து இங்கே மரம் தேய்ப்பதும் பாலிஷ் போடுவதும் அவள் வேலை. புருஷன் முருகையா இன்னும் தோட்டத்தில்தான் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறான்.

"எங்கிட்ட ஒண்ணு குடுங்க மொதலாளி."

"நீ தேய்க்கிற ஆளுதானே புள்ள."

"பாஸ் செஞ்ச கழுத்து எல்லாம் கடசியா எங்கையிலதானே வந்துச்சு? எங்க தடிப்பா இருக்கணும், எங்க மெலியணும்னு கைக்குத் தெரியும். எங்கப்பா மம்பட்டிக்குப் பிடி செதுக்குவாரு. சின்னதுலயே உளி புடிச்சவதான் நான்."

முதலாளி அவள் கைகளைப் பார்த்தார்.

"சரி, செஞ்சி பாரு. பண்டாரவளக் குழுவிலேந்து அலவி வந்து வாசிச்சுப் பாப்பார். அவர் சரி சொன்னா பாஸ்ட பெஞ்சு ஒனக்கு. பின்னால இரிக்கிற ரூமும் ஒனக்குத்தான். தினம் பஸ்ஸில அலையத் தேவல்ல."

அன்று மாலை பஸ்ஸில் இராக்கம்மா அந்த ரூமைப் பற்றியே நினைத்துக்கொண்டு போனாள். ஒற்றை ஜன்னல், சிமெந்துத் தரை, ஒரு தண்ணீர்க் குழாய். அதற்கு மேலே தெருவில் ஏறினால் பள்ளிக்கூடம். தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு எல்லாம் முடிந்துவிடும்; அதற்குப்பின் கொழுந்துக் கூடைதான். மகள் ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அவளைக் கொழுந்து பறிக்க அனுப்பச் சொல்லி, கங்காணி ஏற்கெனவே இரண்டு தடவை கேட்டுவிட்டான்.

மறுநாள் அவள் மோட்டர் உருளையையும் விட்டுவிடவில்லை. முதுகுப் பக்கத்து விளிம்புகளை மட்டும் அதில் கொடுத்து மழுக்கினாள். நுணுக்கமாகச் செதுக்கவேண்டிய இடம் வந்ததும் மோட்டரை நிறுத்தச் சொன்னாள். மரக் கழுத்தில் சாக்குத் துண்டைச் சுற்றி இரும்புப் பிடியில் இறுக்கினாள். இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த குட்டிச் சீவுளியை எடுத்துத் தன் பக்கமாக இழுத்தாள். மெல்லிய சுருள் ஒன்று எழுந்து உதிர்ந்தது. இன்னொரு இழுப்பு. மரத்தின் நார் எந்தப் பக்கம் படுத்திருக்கிறதோ அந்தப் பக்கமே இழுத்தாள். எதிர்த்து இழுத்தால் பிசிறடித்துப் பள்ளம் விழும்.

தலைக்கு அருகில் வளைவு கடினமாக இருந்தது. அங்கே முரட்டு அரம் போட்டாள். பின்பு உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டினாள். ஒவ்வொரு முறையும் நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு, இடது கையால் கழுத்தைப் பிடித்து மேலிருந்து கீழே நகர்த்தினாள். ஓரிடத்தில் கட்டைவிரல் ஏறி இறங்கியது. அங்கே மட்டும் இன்னும் இரண்டு சுரண்டல். மறுபடி கண்ணை மூடினாள். இப்போது கை தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது.

"எப்பிடிக்கா பாக்காம செய்றீங்க?" என்றான் ஸரூக்.

"வாசிக்கிறவரு பாத்துக்கிட்டா வாசிப்பாரு? அவரு கைக்குத்தானே சரியா இருக்கணும்."

பெட்டியோடு கழுத்து ஒட்டி, வச்சிரம் காய்ந்து, தந்திகள் ஏறிய அன்று அலவி வந்தார். இசைக்குழுவை நடத்துபவர் அவர்தான். கதிரையில் உட்கார்ந்து, முதலில் சுருதி சேர்த்தார். பிறகு கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே விரல்களை ஓடவிட்டார். பட்டறையில் சுத்தியல்கள் நின்றன. அவர் ஒரு முழுப் பாட்டை வாசித்து முடித்தார். மறுபடி அதையே வேகமாக வாசித்தார்.

"ஜாபிர்ட கழுத்து கொஞ்சம் தடிப்பு. கை நோவும்" என்றார். "இது நோவாது. இது யார் செஞ்ச?"

"நாந்தாங்க" என்றாள் இராக்கம்மா.

அலவி திரும்பி அவளைப் பார்த்தார். கிட்டாரைக் கீழே வைக்கவில்லை. "மிச்சம் எல்லாத்தயும் இவங்களே செய்யட்டும் பலீல் நானா" என்றார்.

அந்த வாரமே ஜாபிர் பாஸின் பெஞ்சுக்கு இராக்கம்மா மாறினாள். உளிகளைச் சாணை பிடித்து, தன் கைக்கு எட்டும் வரிசையில் அடுக்கினாள். பெஞ்சு அவளுக்கு உயரமாக இருந்தது. ஒரு பலகையைக் காலடியில் போட்டுக்கொண்டாள். கழுத்துகள் ஒவ்வொன்றாகப் பெட்டிகளில் ஏறின. அலுமாரி வேலை செய்பவர்கள் அவளை "பாஸக்கா" என்று கூப்பிடத் தொடங்கினார்கள். முதல் தடவை சிரிப்புக்காகச் சொன்னதுதான். பிறகு அதுவே அவள் பெயராயிற்று. ஞாயிற்றுக்கிழமை முருகையா வந்து பின்னறைக்குச் சுண்ணாம்பு அடித்தான். மகள் ஜன்னல் கம்பிகளைத் துடைத்தாள். அடுத்த மாதப் பிறப்பில் குடும்பத்தோடு வந்துவிடுவதாகப் பேச்சு. பள்ளிக்கூடத்தில் அதிபரையும் பார்த்தாயிற்று.

"கங்காணிக்கி என்னா சொல்றது?" என்று முருகையா கேட்டான்.

"புள்ள படிக்கப் போறாளுன்னு சொல்லுங்க. வேற என்னா சொல்லணும்?" என்றாள் அவள்.

மாதக் கடைசியில் ஒருநாள் காலை, வேலை தொடங்குமுன்பே பலீல் முதலாளி அவள் பெஞ்சுக்கு வந்தார். வெளுத்த சட்டை போட்டிருந்தார். கையில் ஒரு விளக்குமாறு இருந்தது.

"இன்டக்கி ஆபிஸர் வாறார். மரத்துக்குப் பெர்மிட் அவர்தான் தரோணும். மரம் குடையிற மெஷினுக்கும் எழுதிப் போட்டிரிக்கேன்."

"நல்லதுதானே மொதலாளி."

"நல்லதுதான். ஆனா பாஸ் வேல செய்றவங்க பிரஜாவுரிம உள்ளவங்களா இரிக்கோணுமாம். நேத்து அவர்ட ஆள் சொல்லிட்டுப் போனான். தோட்டத்து ஆக்களுக்கு அது இன்னம் குடுக்கல்லியே. ஒன்ட பேரக் காட்ட ஏலாது புள்ள."

இராக்கம்மா கையிலிருந்த சீவுளியைப் பெஞ்சில் வைத்தாள்.

"நான் ஸ்பிரிங்வெளியில பொறந்தவ. எங்கம்மாவும் அங்கதான் பொறந்தாங்க."

"எனக்குத் தெரியும். அவருக்கு அது போதுமா?"

"பிரஜாவுரிமைக்கி மனுப் போட்டிருக்கோம். இன்னும் பதில் வரல."

"வரட்டும். அது வரைக்கும் ஸரூக் பெஞ்சில நிக்கட்டும். வேல நீதான் செய்யப் போற. ஆபிஸர் வாற நேரத்தில மட்டும் நீ கூட்டிக்கிட்டு நில்லு."

"ரூமு?"

முதலாளி தெருப் பக்கம் பார்த்தார்.

"பாஸ்ட ரூமுண்டு எழுதிக் குடுத்திரிக்கி. அத அவர் பாப்பார். அதுல ஸரூக் இரிக்கட்டும் இப்போதக்கி."

"சுண்ணாம்பு அடிச்சிட்டோமே மொதலாளி. பள்ளிக்கூடத்துலயும் சொல்லியாச்சு."

"தெரியும் புள்ள. நான் என்ன செய்ய? மரம் இல்லாட்டி ஒருத்தருக்கும் வேல இல்ல."

அவர் நீட்டிய விளக்குமாற்றை அவள் உடனே வாங்கவில்லை. பிடியில் மாட்டியிருந்த கழுத்தைப் பார்த்தாள். முதுகு வளைவு பாதிதான் முடிந்திருந்தது. பிறகு விளக்குமாற்றை வாங்கிக்கொண்டு பெஞ்சை விட்டு விலகினாள்.

ஸரூக் வந்து அவளுடைய காலடிப் பலகையை ஓரமாகத் தள்ளிவிட்டு நின்றான். அவன் முகம் வேர்த்திருந்தது.

"எனக்கு வேணாமுண்டு மாமாகிட்டச் சொன்னேன்கா."

"நீங்க என்னா பண்ணுவீங்க தம்பி. அந்தக் கழுத்தக் கெடுத்துடாதீங்க. அது போதும்."

அதிகாரி ஜீப்பில் வந்தார். மரியாதையான மனிதர், செருப்பில் ஒட்டிய சேற்றை வாசலில் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். எல்லாவற்றையும் சிங்களத்தில் விசாரித்தார். மின்வாளைப் பார்த்தார். முடிந்த கிட்டார் ஒன்றை எடுத்து, கழுத்தைத் தடவி, நன்றாக இருக்கிறது என்றார். பின்னறைக் கதவைத் திறந்து, புதுச் சுண்ணாம்பு மணக்கும் சுவர்களைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு ஸரூக்கின் பெஞ்சுக்கு எதிரே வந்து நின்று, கொஞ்சம் வேலை செய்துகாட்டச் சொன்னார்.

ஸரூக் சீவுளியை எடுத்தான். தலைப் பக்கம் நின்று இழுத்தான். மரம் கரகரத்தது, ஒரு பிசிறு எழும்பியது.

இராக்கம்மா தரையைக் கூட்டிக்கொண்டே பெஞ்சின் அருகில் வந்தாள். தலையை நிமிர்த்தாமல் தமிழில் சொன்னாள்.

"நாரு அந்தப் பக்கமா ஓடுது தம்பி. சுத்தி வந்து இழுங்க."

ஸரூக் மறுபக்கம் போனான். இழுத்தான். சுருள் எழுந்து உதிர்ந்தது.

"கையத் தாழ்த்துங்க. அழுத்தாதீங்க, அது தானா வரும்."

இன்னொரு நீளச் சுருள் வந்தது. அதிகாரி குனிந்து பார்த்தார்.

"ம். இன்னும் ஒண்ணு. போதும், நிறுத்துங்க. அதுக்குமேல எடுத்தா கம்பி வந்திடும்."

ஸரூக் நிறுத்தினான். வழுவழுப்பான சிவந்த வளைவில் வெளிச்சம் விழுந்தது. அதிகாரிக்குத் திருப்திதான். ஆனாலும் அவர் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். இவள் ஏதோ பேசிக்கொண்டே இருக்கிறாளே, என்ன சொல்கிறாள் என்று முதலாளியிடம் கேட்டார்.

கடைத்தெருச் சிங்களம் இராக்கம்மாவுக்குப் புரியும். அவள் நிமிர்ந்து முதலாளியைப் பார்த்தாள்.

பலீல் முதலாளியின் கண்கள் தரையில் கிடந்த மரச் சுருள்களுக்குப் போயின. கூட்ட வேண்டுமாம், காலைத் தூக்கச் சொல்கிறாள் என்று சிங்களத்தில் சொன்னார்.

அதிகாரி சிரித்தார். எல்லோரும் ஸரூக்கின் காலைப் பார்த்தார்கள். அவன் இராக்கம்மாவைப் பார்த்தான். பிறகு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மெதுவாகத் தூக்கினான்.

அவள் குனிந்து, அந்தக் காலின் கீழிருந்த சுருள்களைக் கூட்டி எடுத்தாள்.