ஷிப்ட் போய்ட்டாங்க

வெள்ளிக்கிழமைதான் ஜூடித்துக்குப் பழைய கம்பெனியில் கடைசி நாள். ராஜினாமா கொடுத்தாயிற்று. திங்கட்கிழமை ஒயிட்ஃபீல்டில் வேறொரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர வேண்டும். நடுவில் ஒரே ஒரு சடங்கு பாக்கி. கொடுத்த விலாசத்தில்தான் அவள் குடியிருக்கிறாளா, மூன்று வருட அனுபவம் உண்மைதானா என்று புதுக் கம்பெனி விசாரிக்கும். ஏதாவது உதைத்தால் புது வேலையும் இல்லை, பழையதும் இல்லை.

விசாரிக்கிற ஆள் பெங்களூரிலிருந்து தங்கவயலுக்கு பைக்கில் வந்தான். ஸ்கெலட்டன், அதாவது எலும்புக்கூடு, என்றுகூட ஒரு பேட்டைக்குப் பெயர் இருக்குமா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தானாம். வீடு பூட்டியிருந்தது, ஜூடித்தின் அம்மா எலைன் தையல் கடைக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டுக் கங்கம்மாவிடம், ஜூடித் இருக்கிறாரா என்று கேட்டான்.

"வூட்ல இல்லீங்க. ஷிப்ட் போய்ட்டாங்க," என்றாள் கங்கம்மா, வெளியூர் ஆள் என்பதால் மரியாதையாகவே.

தங்கச் சுரங்கத்தை மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் ஊரில் வேலைக்குப் போகிறவர்கள் இன்னும் ஷிப்ட்தான் போகிறார்கள். டீச்சரும் ஷிப்ட் போகிறார், பேங்க் மேனேஜரும் ஷிப்ட் போகிறார். பெங்களூர்க்காரனுக்கோ 'ஷிப்ட்' என்றால் வீட்டைக் காலி செய்வது. தன் போனில் 'குடிமாறிவிட்டார்' என்ற கட்டத்தைத் தட்டி, பூட்டிய கதவைப் படமும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் மேல் தப்பில்லை என்பார்கள். இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் வாய் தேய்ந்தா போயிருக்கும்?

ஜூடித் கெஞ்சிக் கூத்தாடி இரண்டாவது விசாரணைக்கு ஏற்பாடு செய்தாள். இந்த முறை போனில். கங்கம்மாவுக்குப் பாடம் நடந்தது.

"அக்கா, ஷிப்ட்னு மட்டும் வாயே தொறக்காதீங்க. இந்த வூட்லதான் இருக்கேன்னு சொல்லுங்க."

"நான் இன்னா பச்சப் புள்ளையா? சொல்றேன் போ."

வியாழக்கிழமை கங்கம்மாவுக்குப் போன் வந்தது. ஜூடித் இப்போது எங்கே என்று கேட்டார்கள். எந்த வார்த்தையைச் சொல்லக்கூடாதோ அதுவே நாக்கு நுனியில் வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு, "வூட்லதான் கீறாங்க. எங்கயும் போறதில்ல," என்றாள்.

"வேலைக்கு?"

"இன்னா வேலை? அதெல்லாம் ஒண்ணும் போறதில்லீங்க. எந்நேரமும் வூட்லயேதான்."

அன்று மாலையே, ஜூடித் ரயிலில் வந்துகொண்டிருக்கும்போது, மெயில் வந்தது. விலாசம் சரி, அனுபவம் சந்தேகத்துக்குரியது.

ஜூடித்துக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் கங்கம்மா வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். அழுகிறவளை எப்படித் திட்டுவது? உள்ளே போய், ராத்திரி என்றும் பார்க்காமல் புதுக் கம்பெனி ஹெச்.ஆர். ஷில்பாவுக்குப் போன் போட்டாள். சம்பளச் சீட்டு இருக்கிறதே என்றாள். அதைத்தான் இப்போது எல்லோரும் வீட்டிலேயே அச்சடித்துக்கொள்கிறார்கள் என்றாள் ஷில்பா, கன்னடத்தில். வேறு ஏதாவது?

ஜூடித் பீரோ இழுப்பறையைக் கட்டிலில் கவிழ்த்தாள். எங்கள் ஊர் மாரிக்குப்பம் ஸ்டேஷனிலிருந்து பெங்களூருக்கு எடுத்த ரயில் சீசன் டிக்கெட்டுகள், மாதத்துக்கு ஒன்றாக முப்பத்தாறு. ஒவ்வொன்றிலும் அவளுடைய அடையாள அட்டை எண். எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பிப் படம் எடுத்து அனுப்பினாள்.

பத்து நிமிடத்தில் ஷில்பாவே கூப்பிட்டாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள் என்று கேட்டாள். விடிவதற்கு முன்னால். திரும்புவது? ஒன்பதாகிவிடும். போக வர ரயிலிலேயே ஐந்து மணி நேரமா? ஆமாம். மூன்று வருடமாகவா? ஆமாம்.

"நீங்கள் சேரலாம், நான் ஒப்புதல் போட்டுவிடுகிறேன்," என்றாள் ஷில்பா. பிறகு, வேலைக்காக இல்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்று சொல்லிவிட்டுக் கேட்டாள்: "அப்படியானால் வீட்டில் எப்போதுதான் இருப்பீர்கள்?"

"ஞாயிற்றுக்கிழமை," என்றாள் ஜூடித். பிறகு யோசித்து, "காலையில் சர்ச்சுக்குப் போய்விடுவேன். மத்தியானத்துக்கு மேல்," என்று திருத்திச் சொன்னாள்.